மாவு மூடும் துணி

ஃபெஸ், பழைய நகரம்

அன்பு மகள் ஸஃபியாவுக்கு, இறைவன் அருளால் நான் நலம். நலம் என்றுதான் நினைக்கிறேன். லியோனில் நீயும் மாப்பிள்ளையும் கல்யாணப் பெண்ணும் சுகமாயிருக்க வேண்டுகிறேன்.

நீ அனுப்பிய சிறுநீர் உறிஞ்சும் விரிப்புகள் வந்தன. ஆயுள் முழுக்க அணைகளைப் பற்றிப் பாடம் நடத்தியவனுக்குக் கடைசியில் இது தேவைப்பட்டதற்கு வெட்கப்படுவதா சிரிப்பதா தெரியவில்லை. முதலில் துவைக்கச் சொல்லியிருந்தபடி துவைத்து மாடியில் காயப்போட்டேன். அங்கேதான் வினை. அடுத்த வீட்டு லல்லா ஸுபைதா சுவர் வழியே எட்டிப் பார்த்து, "என்ன வாத்தியாரே, மெத்து மெத்துன்னு இருக்கு? எதுக்கு இது?" என்றார். உண்மையைச் சொல்லத்தான் வாய் திறந்தேன். "ரொட்டி மாவு மூடுறதுக்கு" என்று வந்துவிட்டது. "நீங்க என்னிக்கு மாவு பிசைஞ்சீங்க? இங்க குடுங்க" என்று ஒன்றை உருவிக்கொண்டு போனார். பயன்படுத்தாததுதானே என்று மனதைத் தேற்றிக்கொள்வதற்குள், அவருடைய ரொட்டிப் பலகை அதைப் போர்த்திக்கொண்டு தெருவின் பொது அடுப்புக்கு ஊர்வலம் கிளம்பிவிட்டது. மாவு பந்தாக உப்பியதாம். "பிரான்சு சரக்கு! வாத்தியார் மக அனுப்புனது!" இப்போது எந்தப் பெண்ணைப் பார்த்தாலும், "எங்க மாவு மட்டும் என்ன பாவம் பண்ணுச்சு, வாத்தியாரே?" என்கிறார்கள். லல்லாவின் கணவர் ஹாஜி பூஅஸ்ஸா மட்டும் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். கண்டுபிடித்துவிட்டார் என்று பயந்து நான் தேநீர்க்கடைப் பக்கமே போவதில்லை. போதாததற்கு அந்த விரிப்பும் காணாமல் போய்விட்டது. லல்லா அடுப்புக்காரரைச் சந்தேகித்துத் திட்டிக்கொண்டிருக்கிறார்.

ஆகவே மெக்னெஸில் நடக்கும் பேத்தியின் கல்யாணத்துக்கு நான் வரமாட்டேன். சம்பந்தி வீட்டு வெள்ளைச் சோபாவில் விரிப்பைப் போட்டு உட்கார்ந்தால், "மாவு எங்கே?" என்பார்கள். போடாமல் உட்கார்ந்தால் என்ன ஆகும், நீயே யோசி. அவளை மணக்கோலத்தில் பார்க்க ஆசையில்லையா என்று மட்டும் கேட்காதே. இனி விரிப்பு எதுவும் அனுப்பாதே. அவள் வீட்டில் ரொட்டி என்றும் குறையாதிருக்கட்டும் என்று வாழ்த்த நினைத்தேன். ரொட்டிப் பேச்சு வேண்டாம், நலமாக வாழட்டும்.

இப்படிக்கு,
உன் தந்தை அப்துல்ஹை

பி.கு.: உறையை ஒட்டும்போது ஹாஜி வந்தார். கதவைச் சாத்திவிட்டு, குரலைத் தாழ்த்தி, "கட்டில்ல நல்லாத் தாங்குது, ஸி அப்துல்ஹை. ரயில்ல தாங்குமா?" என்றார். முழங்கால் வலி, கல்யாணத்துக்கு வர இயலாது என்று உனக்கு எழுதியிருந்தாரே, அவர் முழங்காலுக்கு ஒன்றுமில்லை. இருவரும் வருகிறோம். இன்னும் ஆறு அனுப்பு, அடர் நிறத்தில். லல்லா கேட்டால், எல்லாம் மாவுக்குத்தான்.