நாற்பத்தாறு பெயர்களும் ஓர் ஆலங்கட்டி மேகமும்

தோலாபம்பா,
பிப்ரவரி, உருளைக்கிழங்கு பூத்திருக்கும் வாரம்.

அன்புத் தம்பி செனோனுக்கு, அண்ணன் அனாக்லெத்தோ தன் சொந்தக் கையால் எழுதுவது. நீயும் உன் மனைவி புளோரென்சியாவும் உங்கள் தையல் எந்திரங்களும் புவனஸ் அயர்ஸில் ஒரு குறையும் இல்லாமல் ஓட வேண்டும். இங்கே நான் சுகம், மந்தையில் லாமாக்கள் சுகம், பனிமலை இருந்த இடத்திலேயே இருக்கிறது. உன் மதினி பசிலியாவைப் பற்றித் தனியாகக் கீழே எழுதுகிறேன்.

முதலில் இந்த எழுத்தைப் பார். யாரிடமும் கெஞ்சி எழுதி வாங்கவில்லை. கோயில் கூடத்து முதியோர் வகுப்பில் இரண்டு வருடம் உட்கார்ந்து அறுபத்தெட்டு வயதில் கற்றுக்கொண்டேன். ஒரு வரி முடிந்ததும் சற்றுத் தள்ளி வைத்துப் பார்க்கிறேன், நானா எழுதினேன் என்று சிரிப்பு வருகிறது. மேலே உள்ளதை எழுதி முடிப்பதற்குள் ஒரு பானைக் கிழங்கு வெந்துவிட்டது. அதை அடுப்பில் ஏற்றியவனும் நான்தான். அந்த அநியாயத்தைச் சொல்லத்தான் இந்தக் கடிதம்.

இந்த வருடம் ஊர்த்தலைமை என் முறை. முப்பத்தொரு வருடம் வரிசையில் நின்றேன். நம் ஊரில் அதைத் தனி ஆளுக்குக் கொடுப்பதில்லை, புருஷனுக்கும் பெண்டாட்டிக்கும் சேர்த்துத்தான் தலைமைக் கோலைக் கொடுப்பார்கள். நம் அப்பா கோல் பிடித்த வருடம் முழுக்க அம்மா தரையில் உட்கார்ந்து, வந்தவர்களுக்கு மெல்லக் கோகா இலையை நீட்டினாளே தவிர வாய் திறக்கவில்லை. உன் மதினியும் அப்படியே இருப்பாள் என்று நம்பிக் கோலை வாங்கினேன். கோல் பிடித்த ஜோடி சண்டை போட்டால் ஊர் வயலில் ஆலங்கட்டி கொட்டும் என்பார்களே, அதை நான் மறந்துவிட்டேன். பசிலியா மறக்கவில்லை.

முதல் கூட்டத்திலேயே நேராக வந்து நான் உட்கார்ந்திருந்த தலைவர் பெஞ்சுக்கு முன்னால் நின்றாள். “யோவ், தள்ளி உக்காரு.” “இது ஆம்பளைங்க பெஞ்சுடி.” “பெஞ்சு உங்கிட்ட சொல்லுச்சா?” ஊரே என் முகத்தைப் பார்க்கவில்லை தம்பி, வானத்தைப் பார்த்தது. நான் தள்ளி உட்கார்ந்தேன். அன்று ஆரம்பித்த தள்ளல்தான். நாள் முழுக்க அவளுக்கு ஊர் வேலை, அதனால் உலை வைப்பது நான், கிழங்கு உரிப்பது நான், லாமாவை ஓட்டிக்கொண்டு வருவதும் நான். கேட்டால், “ரெண்டு பேருக்கும் ஒரே பதவிதானே, அப்ப ரெண்டு பேருக்கும் ஒரே அடுப்புதான்” என்கிறாள். எதிர்த்துப் பேசலாம் என்றால் கிழங்கு பூத்து நிற்கிறது!

இதோடு போயிருந்தால் பொறுத்திருப்பேன். சபீனாவை உனக்கு நினைவிருக்கும். அவள் புருஷன் நவம்பரில் செத்துப்போனான். ஊர்ப் பதிவேட்டில் ஆண்கள் பெயர் மட்டும்தானே உண்டு? செத்தவன் பெயரை அடித்தால் அவளுக்கு நிலமே இல்லை. ஊர்ச் செயலாளர் குமெர்சிந்தோ செத்தவனுக்கு அண்ணன். இந்த வெள்ளாமையைத் தோண்டி எடுத்ததும் அந்த நிலத்தைத் தானே உழப்போவதாகக் கூட்டத்தில் சொல்லிவிட்டான். உடனே பசிலியா எழுந்தாள். “பதிவேட்டுல பொம்பளைங்க பேரையும் எழுதணும். சபீனா பேரு மட்டுமில்ல, எல்லாரு பேரும்.” ஆண்கள் பக்கமிருந்து, “விடாத அனாக்லெத்தோ, முடியாதுன்னு சொல்லு” என்று என் முதுகில் குத்தினார்கள். நானும் எழுந்து வாயைத் திறந்தேன், மலைப் பக்கம் கறுத்துக்கொண்டு வந்தது. குத்திய அதே ஆட்கள், “ஒத்துக்கய்யா! ஒத்துத் தொலைய்யா!” என்று கத்தினார்கள். “என்னமோ பண்ணித் தொலை” என்றேன். அதைத் தலைவரின் சம்மதம் என்று சொல்லி எல்லோரும் கை தூக்கிவிட்டார்கள். மேகம் பக்கத்து ஊரில் போய்க் கொட்டியது. அந்த ஊர்த்தலைவர் வீட்டில் என்ன சண்டையோ, பாவம்.

குமெர்சிந்தோ பேனாவை மூடினான். “இந்தக் கை பொம்பளை பேரை எழுதாது. அதுக்குப் பதிவேட்டுல கட்டமே இல்ல.” எனக்கு உயிர் வந்தது. பசிலியா சிரித்தாள். “கையை நோக வெச்சுக்காதீங்க ஐயா. எங்க வீட்டுக்காரரு எழுதுவாரு. ரெண்டு வருஷமா மாட்டுக்கொட்டாய்ச் செவுத்துல எழுதிப் பாத்துட்டுத்தான் இருக்காரு.” தெரியாது என்று சொல்ல முடியுமா? ஊரெல்லாம் நான்தானே பீற்றிக்கொண்டு திரிந்தேன்!

ஒன்பது நாள் வீடு வீடாகப் போனோம். தம்பி, ஒரு விஷயம் சொல்கிறேன், வெட்கமாக இருக்கிறது. நம் பக்கத்து வீட்டுக் கிழவியை ஐம்பது வருடமாகப் பாஸ்குவால் பெண்டாட்டி என்றுதானே கூப்பிடுகிறோம்? பெயர் கேட்டேன். “அது இப்ப எதுக்குய்யா?” என்று யோசித்து, “ரொசேந்தா. ஆமா, ரொசேந்தாதான்” என்றாள். எழுதிக் காட்டியதும் விரலால் தடவினாள். ஆனால் அன்றைக்கு அடுப்பில் வைத்த சூப் கரிந்துபோனது என்பதையும் குறித்துக்கொள்.

கூட்டத்தில் நாற்பத்தாறு பெயர்களையும் நானே நின்று படித்தேன். ஒரு தடுமாற்றம் இல்லை. சபீனா தன் பெயரை இன்னொரு தடவை படிக்கச் சொன்னாள், படித்தேன். எல்லோரும் கை தட்டினார்கள். அப்போது அந்த ரொசேந்தா, “எல்லாஞ் சரி, ஒம் பொண்டாட்டி பேரு எங்கய்யா?” என்றாள். மேலிருந்து கீழே பார்த்தேன், கீழிருந்து மேலே பார்த்தேன். இல்லை. “அவதான் எம் பேருலயே இருக்காளே” என்றேன். அந்த வார்த்தையைச் சொல்லியிருக்கக் கூடாது.

அவள் சண்டை போடவில்லை. அதுதான் கொடுமை. நாற்பத்திரண்டு வருடமாக ‘யோவ்’ என்பதைத் தவிர வேறு பெயர் சொல்லாதவள் இப்போது, “பெரியவரே, கிழங்கு எடுத்துக்கொள்ளுங்கள்” என்கிறாள். நான்கு நாளாக இந்த மரியாதை. ஊர்க்காரர்கள் காலையும் மாலையும் வந்து, “சிரிச்சாளா?” என்று கேட்டு, வானத்தைப் பார்த்துவிட்டுப் போகிறார்கள். இப்போதாவது அவள் பெயரை எழுதிவிடேன் என்பாய். எழுத உட்கார்ந்தேன். “மறந்துட்டு அப்புறம் எழுதுனா அது பிச்சை. எனக்கு வேணாம்” என்றாள்.

ஞாயிற்றுக்கிழமை பதிவேட்டில் கோல் பிடித்த இருவரும் ஆளுக்கொரு முத்திரை வைக்க வேண்டும். ஒன்று மட்டும் விழுந்தால் செல்லாது. அவள் தன்னுடையதை முதுகு மூட்டையில் முடிந்து வைத்திருக்கிறாள். அவள் வைக்காவிட்டால் சபீனா நிலம் குமெர்சிந்தோவுக்கு, பழி எனக்கு. எனக்குப் போதும். அடுத்த முறை உன்னுடையது, பஸ் ஏறி வந்து கோலை இப்போதே வாங்கிக்கொள். அப்படியே உன் மதினிக்கு நாலு புத்தி சொல்.

நம் அப்பா அம்மா ஆசியும் மலையின் காவலும் உங்கள் கூரைமேல் நிற்கட்டும். புளோரென்சியாவை விசாரித்ததாகச் சொல்.

உன் அண்ணன்,
அனாக்லெத்தோ தீக்கோனா

பின்குறிப்பு: மேலே உள்ளதைக் கிழித்துப் போடு, வர வேண்டாம். ஞாயிறு கூட்டத்தில் பசிலியா என் கையிலிருந்து பேனாவை வாங்கினாள். பட்டியலின் அடியில் என் பெயருக்கு மேலே, அழகுக்காக நான் விட்டிருந்த இடத்தில், தன் பெயரைத் தானே எழுதினாள். இத்தனை நாள் நான் எழுதும்போது என் பின்னால் உட்கார்ந்து அவரைக்காய் உரித்துக்கொண்டிருந்தாள் என்றுதான் நினைத்திருந்தேன், எழுத்தையும் பார்த்துப் படித்திருக்கிறாள். இரண்டு முத்திரையும் விழுந்தன, மைப்பெட்டியைப் பிடித்தவன் குமெர்சிந்தோ. சபீனா நிலம் சபீனாவுக்கே. திரும்பி வரும்போது, “யோவ், மெதுவா நட” என்றாள். கோலை நான் விடுவதாக இல்லை. உன் முறை வரும்போது வா, ஆனால் இன்றைக்கே கிழங்கு உரிக்கப் பழகு. நாற்பத்தாறில் புளோரென்சியா பெயரும் உண்டு. பெஞ்சில் எந்தப் பக்கம் உட்காருவது என்று அவள் பசிலியாவிடம் போனில் பேசி முடித்துவிட்டாள். உன்னிடம் இன்னும் சொல்லவில்லையாம்.

உறைமேல் விலாசம் எழுதியது உன் மதினி. என் எழுத்தைவிட நன்றாக இருக்கிறது. அதை மட்டும் அவளிடம் சொல்லிவிடாதே.