கண்ணடித்த கடதாசி

ஒரு பெண்ணின் படிப்பை நிறுத்தப் பெரிய காரணம் எதுவும் தேவையில்லை. எனக்கு ஒரு அரைப்புள்ளியும் ஒரு அடைப்புக்குறியும் போதுமாக இருந்தன.

தொண்ணூறுகளின் கடைசி. எங்கள் குடும்பத்தில் பல்கலைக்கழகம் போன முதல் பெண் நான், இரண்டாம் வருடம். பொருளியல் விரிவுரையாளர் வெளிநாட்டில் படித்துவிட்டு வந்த சூட்டோடு, இனி வகுப்பு விவாதம் மின்னஞ்சலில்தான் என்று அறிவித்தார். ஒருவர் எழுதினால் வகுப்பு முழுவதற்கும் போகும். இருந்த நாலைந்து கணினிகளுக்கு முன்னால் சங்கக்கடையில் நிற்பதுபோல் வரிசையில் நின்றோம். கொழும்புப் பிள்ளைகள் இணைய அரட்டையில் பழகிய பாஷையில் எழுதினார்கள்: இங்கிலீஷ் எழுத்தில் தமிழ், வசனத்துக்கு ஒரு 'டா', முடிவில் ஒரு சிரிக்கும் முகம். கல்முனைக்குடிக்காரி மட்டும் குறைந்தவளா? ஒரே வாரத்தில் அவர்களை மிஞ்சிவிட்டேன்.

அடுத்த வாரத் தலைப்பு, அரசாங்கம் நெல் வாங்க வேண்டுமா என்பது. வரிப்பத்தான்சேனை விவசாயி மகன் ரிஸ்வான், தனியாரே வாங்கட்டும் என்று எழுதியிருந்தான். 'போடா, உன்ட வாப்பாட்டக் கேட்டுட்டு வா' என்று பதில் எழுதி, கடைசியில் அரைப்புள்ளியும் அடைப்புக்குறியுமாக ஒரு கண்ணடிக்கும் முகத்தையும் போட்டேன். அவன் பதிலுக்கு இரண்டு போட்டான். விவாதம் சூடுபிடித்ததில் மகிழ்ந்த விரிவுரையாளர், கணினி கிடைக்காதவர்களும் வாசிக்கட்டும் என்று எல்லாவற்றையும் அச்செடுத்து அறிவித்தல் பலகையில் ஒட்டுவித்தார். (அந்த மனுசன் நல்லாயிருக்கட்டும்.)

யாரோ ஒரு சமூக சேவகர் அந்தக் கடதாசியைக் கழற்றி, கல்முனை பஸாரில் வாப்பாவின் கடையில் கொண்டுபோய்க் கொடுத்தார். அன்று பின்னேரம் எங்கள் ஹோலில் வாப்பா, மாமா, மாமாவின் மகன் நவாஸ் மச்சான் மூவரும் கூடினார்கள். 'போடா'வைக்கூட வாப்பா பொறுத்திருப்பார். பக்கத்தில் கிடந்த குறிதான் அவரைக் குழப்பியது. கடதாசியைத் தூரப் பிடித்தார், கிட்டப் பிடித்தார். மாமா மூக்குக்கண்ணாடியைத் துடைத்தார். அச்சுப்பிழை என்று முடிவாகப் போகிற நேரத்தில், மச்சான் வாப்பாவின் பக்கம் குனிந்தார்.

"மாமா, கடதாசியச் சரிச்சுப் பாருங்க. இது கண்ணடிக்கிது."

பெரியவர்கள் இருவரும் கடதாசியோடு சேர்த்துக் கழுத்தையும் சரித்தார்கள்.

"இத நீயா எழுதின?" என்று வாப்பா கேட்டார்.

"ஓம் வாப்பா. எல்லாரும் இப்படித்தான் எழுதுற."

"எல்லாரும் எண்ட மகளா?"

மறுநாளிலிருந்து எனக்குப் பல்கலைக்கழகம் இல்லை. ரிஸ்வான் பட்டம் வாங்கி உத்தியோகமும் எடுத்தான். அவன் போட்ட இரண்டு முகங்களையும் யாரும் சரித்துப் பார்க்கவில்லை. அந்த ஆத்திரம் எனக்கு இன்னும் ஆறவில்லை. கதை ஊருக்குள் பரவுமுன் எனக்குக் கலியாணம் முடிக்க வேண்டும் என்றார்கள். மாப்பிள்ளை தேடி எங்கும் அலையவில்லை. அந்த ஹோலிலேயே ஒருவர் இருந்தார்.

என்னைக் கட்டிக்கொண்ட மச்சான், இந்தக் கதையை ஒவ்வொரு கலியாண வீட்டிலும் கழுத்தைச் சரித்துக் காட்டிச் சொல்லுவார். சொந்தக்காரர் வயிறு குலுங்கச் சிரிப்பார்கள். வயிற்றெரிச்சலோடு நானும் சிரித்து வைப்பேன். ஒரு நோன்புப் பெருநாளன்று மட்டும், சிரிப்பு அடங்குமுன் கேட்டுவிட்டேன்.

"அது கண்ணடிக்கிதெண்டு உங்களுக்கு எப்படித் தெரியும்? நீங்க ஆருக்கு அடிச்ச?"

கூடியிருந்தவர்கள் அவர் முகத்தைப் பார்த்தார்கள். மச்சான் சரித்திருந்த கழுத்தை நிமிர்த்தினார்.

"ஒரு தேத்தண்ணி போடு புள்ள," என்றார்.

இப்போது எங்கள் வீட்டில் பதில் சொல்ல முடியாதவர்கள் எல்லாரும் தேத்தண்ணி கேட்கிறார்கள். பிள்ளைகள் கேட்டுவிட்டு விழுந்து விழுந்து சிரிப்பார்கள். எழுந்துபோய்த் தண்ணீர் கொதிக்க வைப்பது இன்றும் நான்தான்.