எலிக்காரர் வீட்டு எலிக்கு உண்ணி

“எலி சாகுறதுக்கு மருந்து கேளு, தர்றேன். எலி பிழைக்கிறதுக்கு என்னையே மருந்து போடச் சொல்றியே, உனக்கே நல்லா இருக்கா?” என்று எலிக்காரர் போனில் கத்தினார்.

“நல்லாத்தான் இருக்கு,” என்றாள் ஆபீசிலிருந்த மனைவி. “பிரிட்ஜ் மேல குப்பி இருக்கு. பிடரியில ஒரே ஒரு சொட்டு. ரெண்டுக்கும் போடணும். பாப்பா ஸ்கூல்லேர்ந்து வர்றதுக்குள்ள முடிச்சிடுங்க. கூண்டைக் கழுவி வராந்தாவுல வெச்சிருக்கேன். அதுங்க இப்போ...”

“எலியைப் பத்தி எனக்கே பாடம் எடுக்கிறியா?” என்று பட்டென்று போனை வைத்தார்.

அவருக்கு எலி ஒழிப்பதுதான் தொழில். சொந்தமாக ஒரு வேன், அதை ஓட்ட ஒரு டிரைவர், வேனின் பக்கவாட்டில் மல்லாந்து கிடக்கும் எலியின் படம். அப்பேர்ப்பட்டவர் வீட்டில் மகள் இரண்டு எலிகளை ஆசை ஆசையாக வளர்த்தாள். பார்த்தால் கை பரபரக்கும் என்பதால் அவர் அவற்றைக் கண்ணெடுத்தும் பார்ப்பதில்லை.

போன வாரம் பழக்க தோஷத்தில் மகளின் அறை வாசலில் ஒரு பசை அட்டையை வைத்துவிட்டார். ஒரு எலியின் வால் அதில் ஒட்டிக்கொண்டது. எண்ணெய் தடவி வாலை மீட்டாயிற்று. மகளைத்தான் மீட்க முடியவில்லை. அன்றோடு அவள் அப்பாவிடம் பேச்சை நிறுத்திவிட்டாள். சாப்பிட வரச் சொன்னால்கூட அம்மாவைப் பார்த்துத் தலையாட்டினாள்.

இப்போது அந்த எலிகளுக்கு உண்ணி. இதையாவது ஒழுங்காகச் செய்தால் அவள் வாயைத் திறக்கக்கூடும். அதற்காகத்தான் மனிதர் பல்லைக் கடித்துக்கொண்டு வராந்தாவுக்குப் போனார்.

கூண்டில் ஒரே ஒரு எலிதான் இருந்தது.

“இன்னொண்ணு எங்கடா?” என்று அதனிடமே கேட்டார்.

கொழுத்த பழுப்பு எலி. அது அவரை முறைத்தது.

“என் காசுல தின்னுட்டு என்னையே முறைக்கிறியா?” என்று கூண்டுக்குள் கையை விட்டார். விரலில் நறுக்கென்று ஒரு கடி. வந்த ஆத்திரத்தில் அவர் குப்பியை அமுக்கிய அமுக்கில், மருந்து மொத்தமும் எலியின் முதுகில் கொட்டிவிட்டது.

வேறு வழியில்லாமல் மிருக டாக்டருக்குப் போன் போட்டார்.

“எத்தனை சொட்டு விழுந்துச்சு?” என்றார் டாக்டர்.

“குப்பி காலி.”

“என்னய்யா மனுஷன் நீ! உடனே குளிப்பாட்டு. வெதுவெதுன்னு தண்ணி, கொஞ்சம் ஷாம்பு. நல்லாத் துவட்டணும், இல்லேன்னா சளி பிடிச்சிடும்.”

“எலிக்குச் சளியா?” என்று எலிக்காரர் உறுமினார். உறுமிக்கொண்டே வெந்நீர் போட்டார்.

வாளிக்குள் அந்த எலி செய்த அட்டகாசம் கொஞ்சநஞ்சமல்ல. இன்னும் இரண்டு விரல்களைப் பதம் பார்த்தது. சட்டையெல்லாம் நுரை. ஒருவழியாக மனைவியின் புதுத் துண்டில் சுற்றி அக்குளில் இடுக்கிக்கொண்டபோதுதான் அவருக்குப் பகீரென்றது. காணாமல் போன எலி வீட்டுக்குள் சுற்றினால்? தன் வீட்டில் எந்த எலியும் எட்டிப் பார்க்கக் கூடாதென்று மூலைக்கு மூலை பசை அட்டை வைத்திருப்பது அவரேதான்!

ஒரு கையில் எலியுடன், பிரிட்ஜுக்குப் பின்னால், பீரோவுக்கு அடியில், அடுப்புக்குக் கீழே என்று தவழ்ந்து தவழ்ந்து அட்டைகளை உருவினார். ஒன்று முழங்கையில் ஒட்டியது. அதைப் பிய்க்கக் குனிந்தார்; இன்னொன்று முடியில் ஒட்டிக்கொண்டது. போதாக்குறைக்கு உடம்பெல்லாம் அரிக்க ஆரம்பித்தது. போன் அடித்தது. டிரைவர்.

“அண்ணே, ஒரு விஷயம் சொல்லணும்...”

“உன் விஷயத்துல இடி விழ! வைய்யா போனை!”

எலி துண்டுக்குள் வெடவெடவென்று நடுங்கியது. “நடுங்கு, நல்லா நடுங்கு. கடிச்சியே, என்னைக் கேட்டுக்கிட்டா கடிச்சே?” என்று திட்டிக்கொண்டே முடி உலர்த்தும் மெஷினை எடுத்து அதற்குச் சூடு காட்டினார். “தின்னு தொலை,” என்று பிஸ்கட்டையும் உடைத்து நீட்டினார். தின்றது. தின்றுவிட்டு அவர் மடியிலேயே தூங்கியும் போனது. தூங்குகிற எலியைத் தன் வாழ்நாளில் அவர் பார்த்ததில்லை. கோபம் அப்படியேதான் இருந்தது. காலை மட்டும் அசைக்காமல் உட்கார்ந்திருந்தார்.

அந்த நேரத்தில் மகள் வந்தாள். தலையில் அட்டையும் கையில் ரத்தமும் மடியில் துண்டுமாக இருந்த அப்பாவைப் பார்த்துப் பையைக் கீழே போட்டாள்.

“அப்பா! என்னப்பா ஆச்சு?”

அப்பா என்றுவிட்டாள்.

“மருந்து போட்டேம்மா. குளிப்பாட்டினேன். கொஞ்சம் கடிச்சிடுச்சு, பரவாயில்ல.”

“கடிச்சுதா?” மகளின் முகம் மாறியது. “நம்ம எலி கடிக்கவே கடிக்காதேப்பா!”

திறந்திருந்த கதவு வழியாக டிரைவர் மூச்சிரைக்க உள்ளே வந்தார். காலிக் கூண்டைப் பார்த்துவிட்டு வந்தவர், மடியில் இருந்த துண்டைப் பார்த்ததும் அப்படியே நின்றுவிட்டார்.

“என்னண்ணே இது! பாப்பாவோட எலிங்களை அண்ணி பெட்டியில போட்டு ரூமுக்குள்ள வெச்சுட்டுக் கிளம்பினாங்க, கூண்டு காலியாத்தானே இருக்குன்னு பேக்கரி சாக்கடையில புடிச்சதை அதுல விட்டுட்டுப் போனேன். கொல்றதுக்கு முன்னாடி இப்பல்லாம் குளிப்பாட்டிப் பிஸ்கட்டும் குடுக்கிறோமா?”