ஒரு வீட்டுக்கு நாலு ஒத்தி

பாசிக், புதன் இரவு

மரியாதைக்குரிய ஃபெலி அத்தைக்கு,

உங்கள் முதுகுவலி தணிந்திருக்கும் என்றும், ஹாங்காங்கில் நீங்கள் வேலை பார்க்கும் வீட்டுக் குழந்தையும் நாயும் உங்களை அதிகம் படுத்தவில்லை என்றும் நம்புகிறேன். நீங்கள் அனுப்பிய காலணி எனக்குச் சரியாக இருந்தது. இப்போது அது இல்லை. காரணம் கீழே வரும். இங்கே அனைவரும் நலம் என்று எழுதுவதுதான் மரியாதை என்பதால் எழுதிவிட்டேன். குளியலறையில் வாளியைக் கவிழ்த்து உட்கார்ந்திருக்கிறேன். யாராவது கதவைத் தட்டினால் வயிறு சரியில்லை என்கிறேன். அப்பா இதைப் பார்த்துவிடக் கூடாது. பக்கத்து வீட்டு லோர்னா அக்கா வெள்ளிக்கிழமை ஹாங்காங் திரும்புகிறார். அவரிடம் கொடுத்தனுப்பத்தான் இந்த அவசரம்.

எல்லாம் ஓர் இலவசச் சாப்பாட்டில் தொடங்கியது. அப்பா காவலுக்கு நிற்கும் மாலுக்கு எதிர் ஓட்டலில், கையில் காசில்லாமல் வீட்டு முதலாளி ஆவது எப்படி என்று ஒரு கூட்டம் போட்டார்கள். கோழிக்கறி உண்டு என்பதால் போனார். கோச் டெக்ஸ்டர் என்று ஒருவர் மேடையேறி, சொந்தப் பணத்தைப் போடுகிறவன் தொழிலாளி, அடுத்தவன் பணத்தைப் போடுகிறவன் முதலாளி என்று சொல்லி எல்லோரையும் நாற்காலி மேல் ஏறிக் கத்தச் சொன்னாராம். அன்றிலிருந்து எங்கள் வீட்டில் காலைச் சோற்றுக்கும் கருவாட்டுக்கும் முன்னால் ஜெபம் கிடையாது. "யார் பணம்?" என்று அப்பா கேட்பார். "அடுத்தவங்க பணம்!" என்று நாங்கள் கைதட்ட வேண்டும். ஒருநாள் தம்பி தூக்கக் கலக்கத்தில் "ஆமென்" என்றான். அவனுக்கு முட்டை கிடைக்கவில்லை. அம்மாவிடம் முறையிட்டால், "அவர்கிட்ட வாயக் குடுக்காதடி, இன்னொரு தடவ கைதட்டச் சொல்வாரு" என்றாள்.

முதலில் மாட்டியது உங்கள் வீடுதான், அத்தை. நீங்கள் அடுத்தவர் பாத்திரம் கழுவிக் கழுவிக் கட்டி, பார்த்துக்கொள்ளுங்கள் என்று எங்களைக் குடிவைத்த இதே வீடு. அப்பா அறைகளுக்கு நடுவே ப்ளைவுட் பலகை அடித்து, நர்ஸ் தேர்வுக்குப் படிக்கும் பெண்களுக்குக் கட்டில் கட்டிலாக வாடகைக்கு விட்டார். என் கட்டிலைக் கால் சென்டரில் இரவு வேலை பார்க்கும் ஷைரா அக்கா பகலுக்கு எடுத்திருக்கிறாள். நான் பள்ளிக்குக் கிளம்பும்போது அவள் வந்து படுப்பாள். படுக்கை ஆறுவதே இல்லை. ஞாயிற்றுக்கிழமை இருவருக்கும் விடுமுறை, ஒருவரை ஒருவர் உதைத்துக்கொண்டு கிடப்போம். ஒருநாள் காய்ச்சலோடு பள்ளியிலிருந்து பாதியில் வந்தேன். "இது என் நேரம்மா, ரசீது இருக்கு" என்று அவள் போர்வையை இழுத்துப் போர்த்திக்கொண்டாள். அப்பா அவள் பக்கம். "வாடிக்கக்காரங்கள எழுப்பக் கூடாதுடி!"

அந்த வாடகை, அம்மாவின் பெட்டிக்கடை ஃப்ரிட்ஜை விற்ற காசு, என் காலணியை விற்ற காசு எல்லாம் சேர்த்து அப்பா பக்கத்து மாகாணமான கவிட்டேயில் ஒரு வீட்டை ஒத்திக்கு எடுத்தார். மொத்தமாகக் கொடுத்த பணத்தை வீட்டுக்காரர் திருப்பித் தரும்வரை வாடகையில்லாமல் வீடு நம் கையில். அதை நாம் வாடகைக்கு விட்டு, அந்த வாடகையில் இன்னொரு வீட்டை எடுத்து, அப்படியே போய்க்கொண்டிருப்பது என்று திட்டம். நகராட்சி வாசலில் குடைக்கு அடியில் உட்காரும் நோட்டரி முத்திரை குத்திக் கொடுத்தார். வீட்டுக்குள் போய்ப் பார்த்தீர்களா என்று அம்மா கேட்டாள். "உள்ள போய்ப் பாக்குறவன் தொழிலாளி" என்றார் அப்பா.

புதுமனை புகும் முறைப்படி அரிசியும் உப்பும் முதலில் எடுத்துக்கொண்டு போனோம். செல்வம் பெருகட்டும் என்று அப்பா வாசலில் நின்றே சில்லறையை உள்ளே வீசினார். உள்ளிருந்து பிள்ளைகள் ஓடிவந்து அத்தனையையும் பொறுக்கிக்கொண்டார்கள். பின்னாலேயே கரண்டியோடு ஓர் அம்மாள் வந்தாள்.

"ஒத்திக்கா வந்திருக்கீங்க?"

"ஆமா. இது இப்ப எங்க வீடு" என்றார் அப்பா.

"எங்க வீடுந்தான். உள்ள வாங்க. சாப்ட்டீங்களா? நீங்க நாலாவது."

வீட்டுக்காரர் அதே வீட்டை எங்களுக்கு முன்பே மூன்று குடும்பங்களுக்கு ஒத்திக்கு விட்டிருந்தார். இப்போது ஆளைக் காணோம். எல்லோருடைய பத்திரத்திலும் அதே குடை நோட்டரியின் முத்திரை. கூடம் ஒருவருக்கு, படுக்கையறை ஒருவருக்கு, சமையலறை கரண்டி அம்மாளுக்கு. எங்களுக்கு மாடிப்படிக்கு அடியில் இடம் தந்தார்கள், அதுவும் சைக்கிளை நகர்த்தினால். போலீசுக்குப் போகலாமே என்றாள் அம்மா. "போலாம்மா. ஆனா வெளிய போனா எடம் போயிடும். நானே மார்ச்லேருந்து வாசலத் தாண்டல" என்றார் கூடத்துக்காரர்.

திரும்பும் பஸ்ஸில் அம்மா அழுதுகொண்டே வந்தாள். அப்பாவும் அழுவார் என்று பார்த்தேன். பாதி வழியில் அவர் முகம் மலர்ந்துவிட்டது. அம்மாவின் தோளைத் தட்டினார். "நிதா, அந்தாளு ஒத்தப் பைசா போடல. நாலு பேர் பணம் அவன் கையில. கோச் சொன்னத அப்படியே செஞ்சிருக்கான்டி! நாமதான் தப்பான பக்கத்துல நின்னுட்டோம்."

அத்தை, இப்போது சரியான பக்கத்தில் நிற்கப்போகிறார். உங்கள் வீட்டை ஒரே சமயத்தில் மூன்று குடும்பங்களுக்கு ஒத்திக்குப் பேசி முடித்துவிட்டார். முதல் ஆள், எங்கள் பள்ளி வாசலில் மீன் உருண்டை பொரித்து விற்கும் லூமிங் அக்கா. கணவர் இறந்தபின் எண்ணெய்ச் சட்டி முன் நின்று சேர்த்த பணம் முழுவதையும் சனிக்கிழமை கொண்டுவரப் போகிறார். "ஏய் ஜெனலின், இனிமே நாம ஒரே வீடு! பெரிய ஜன்னல் ரூம் எனக்குத்தான்னு உங்கப்பா சொல்லிட்டாரு" என்று இன்று எனக்கு ஓர் உருண்டை கூடுதலாகக் குச்சியில் குத்திக் கொடுத்தார். அந்த ஜன்னல் அறையை அப்பா மற்ற இருவருக்கும் சொல்லியிருக்கிறார். அந்த உருண்டையைத் தம்பிக்குக் கொடுத்துவிட்டேன்.

வீடு உங்கள் பெயரில் இருப்பதால் உங்கள் அதிகாரப் பத்திரம் இல்லாமல் ஒன்றும் நடக்காது. கூரை ரிப்பேருக்கு என்று சொல்லி உங்களிடம் கேட்டிருக்கிறாராம். கூரைக்கு ஒன்றும் ஆகவில்லை. தயவுசெய்து கையெழுத்துப் போடாதீர்கள். போட்டிருந்தால் அனுப்பாதீர்கள். நான் சொன்னதாக மட்டும் சொல்லிவிடாதீர்கள். "வீட்டு விஷயத்த வெளிய சொல்றவளுக்கு வீட்ல எடமில்ல" என்கிறார் அப்பா. இப்போதே இல்லை.

பெரியவர்களை வணங்கும் நம் முறைப்படி உங்கள் கையை எடுத்து என் நெற்றியில் ஒற்றிக்கொள்கிறேன். கன்னி மரியாள் உங்களையும் உங்கள் பேனாவையும் காக்கட்டும்.

கீழ்ப்படிதலுள்ள மருமகள்,
ஜெனலின்

பின்குறிப்பு: கடிதத்தை மடிக்கும்போது அப்பாவின் போன் அடித்தது. பலகைச் சுவருக்கு அந்தப் பக்கம் ஸ்பீக்கரில் உங்கள் குரல். கூரையைப் பற்றிப் பேச்சே இல்லை. "கையெழுத்துப் போட்டு நேத்தே அனுப்பிட்டேன்டா ரோடெல். மூணு பேருன்னா சொன்ன? ஏன்டா, அந்த வீட்ல அஞ்சு குடும்பம் அடங்காதா? இங்க ஞாயித்துக்கெழம ஞாயித்துக்கெழம கோச் கூட்டத்துக்கு நான் என்ன சும்மாவா போறேன்?" என்றீர்கள். "அக்கான்னா அக்காதான்!" என்றார் அப்பா. பிறகு என்னை விசாரித்தீர்கள். "பெரியவ வாயத் தொறக்க மாட்டாளே?"

"அவளுக்கு என்ன தெரியும்? தூங்குறா."

ஆகவே மேலே உள்ள மரியாதைகள் அனைத்தையும் திரும்பப் பெற்றுக்கொள்கிறேன். உங்கள் பெயரை அடித்துவிட்டேன். இந்தக் கடிதம் ஹாங்காங் வராது. காலையில் பள்ளி வாசலில், எண்ணெய் காய்வதற்குள் கொடுத்துவிடுவேன். அவர் கையில் எப்போதும் கரண்டி இருக்கும், இவ்வளவையும் நின்று படிக்க முடியாது. அதனால் உறைமேல் பெரிய எழுத்தில் எழுதிவிடுகிறேன்:

லூமிங் அக்கா, சனிக்கிழமை எங்கள் வீட்டுக்கு வராதீர்கள்.