துணைக்கு ஒருத்தி

எத்திராஜ் சார் விதிமுறைத் தாளை மறுபடியும் படித்தார். எத்தனை தடவை படித்தாலும் அந்த வரி அழிவதாக இல்லை. ‘ஒவ்வோர் அணியிலும் குறைந்தது ஒரு மாணவியாவது இருக்க வேண்டும்.’

திருவொற்றியூரில் அவர் இயற்பியல் நடத்தும் பள்ளியின் ரோபோ அணியில் நான்கு பேர். அதற்குமேல் ஆள் சேர்க்க அனுமதி இல்லை. நான்கும் மீசை அரும்பியவை. தலைவன் நிதிஷ், மற்ற மூவரும் அவனுடைய தோஸ்துகள். அவர்கள் செய்த ரோபோவின் பெயர் ‘புயல்’. அது இடது பக்கம் மட்டுமே திரும்பும். போன வருடப் போட்டியில் நடுவரின் செருப்பைக் கவ்விக்கொண்டு அரங்கத்தை விட்டே வெளியேறியது. துரத்திப் பிடித்தபோது எண்ணூரைத் தாண்டியிருந்தது என்று சொல்பவர்கள் இன்றும் உண்டு.

“இந்த வருஷமும் கோப்பை வரலைன்னா ரோபோ ரூமைக் காலி பண்ணிடுங்க சார்,” என்று தலைமையாசிரியை குணசுந்தரி சொல்லியிருந்தார். “உடைஞ்ச பெஞ்செல்லாம் மழையில நனையுது.”

அந்த அறை எத்திராஜ் சாருக்கு உயிர். பள்ளியிலேயே மின்விசிறி நிஜமாகச் சுற்றும் அறை அது ஒன்றுதான்.

ஆக, ஒரு மாணவி வேண்டும். ஜூன் மாதம் யாரோ சில பெண்கள் வந்து, ரோபோ அணியில் சேரலாமா என்று கேட்டது மங்கலாக நினைவுக்கு வந்தது. பேட்டரியும் மோட்டாரும் உங்களுக்கு எதற்கம்மா, விழாவுக்கு வரவேற்புக் கோலம் போட ஆளில்லை, அங்கே போங்கள் என்று அனுப்பிவைத்திருந்தார். முகம் எதுவும் ஞாபகமில்லை. கரும்பலகையைப் பார்த்தே பாடம் நடத்துகிறவருக்கு முகங்கள் எப்படித் தெரியும்?

பதினோராம் வகுப்பில் போய்க் கேட்டார். கடைசி பெஞ்சிலிருந்து ஒரு கை எழுந்தது. நர்மதா. குப்பத்துப் பெண், அப்பா விசைப்படகில் போகிறவர், அம்மா கன்னியம்மா மார்க்கெட்டில் மீன் விற்கிறவர்.

“நீ ஒண்ணும் செய்ய வேணாம். சிரிச்சிக்கிட்டு நின்னா போதும்,” என்று தைரியம் சொன்னார் சார். தோஸ்துகளில் ஒருவன் விலகிக்கொண்டான். பிரச்சினை தீர்ந்தது.

மறுநாள் நர்மதா வந்து நின்றாள்.

“சார், எங்கம்மா வுடாது சார். மூணு பசங்களோட தனியா போவக்கூடாதாம். துணைக்கு இன்னொரு பொண்ணு இருந்தா வுடுமாம்.”

நேரில் போய்ப் பேசலாம்தான். ஆனால் முன்பொரு தரம், மட்டம் போட்ட மாணவனைத் தேடிக் குப்பத்துக்குப் போனபோது, அரிவாள்மனையில் வஞ்சிரம் வெட்டிக்கொண்டிருந்த கன்னியம்மா “இன்னா?” என்று தலை நிமிர்ந்தாள். வேறொன்றும் சொல்லவில்லை. எத்திராஜ் சார் ஓடிய ஓட்டம் தேரடியில்தான் நின்றது. அன்றிலிருந்து குப்பத்து எல்லையை அவர் மிதிப்பதில்லை.

ஆகவே சினேகா சேர்க்கப்பட்டாள். இன்னொரு தோஸ்து போனான்.

இரண்டு நாள் நிம்மதி. பிறகு மீண்டும் நர்மதா.

“சார், ஒரு பேஜாரு.”

மீன் ஏலத்தில் ஒரு கூடை சங்கராவுக்காகத் தன் அம்மாவும் சினேகாவின் அம்மாவும் மோதிக்கொண்டதிலிருந்து இரண்டு வீட்டுக்கும் பேச்சுவார்த்தை கிடையாது என்றாள். பிள்ளைகளும் பேசக்கூடாது என்று உத்தரவாம். இவள் சொல்வதை அவளுக்கும் அவள் சொல்வதை இவளுக்கும் கொண்டுபோய்ச் சேர்க்கப் பொதுவாக ஒருத்தி வேண்டுமாம். பக்கத்தில் நின்ற சினேகா முகத்தை வெடுக்கென்று கடல் பக்கம் திருப்பிக்கொண்டாள்.

“அதாவது, நடுவுல ஒரு நியூட்ரல் ஒயர் வேணுங்கிற,” என்றார் சார். தன் துறைக்குள் விஷயம் வந்துவிட்டதில் அவருக்குக் கொஞ்சம் சந்தோஷம்கூட.

நியூட்ரலாக சுஜா வந்தாள். விம்கோ நகரில் மளிகைக் கடை வைத்திருக்கும் சிவந்தியின் மகள். தெற்கத்திக் குடும்பம், மீன் வாங்குவார்களே தவிர ஏலத்தின் பக்கம் போவதில்லை. மூன்றாவது தோஸ்தும் போனான்.

அடுத்த முறை நர்மதா வாசலில் தெரிந்ததுமே சார் உட்கார்ந்துகொண்டார்.

“மூணு பொண்ணுங்களோட ஒரே ஒரு பையன் போனா, கடைக்கு வர்றவங்க கேக்கற கேள்விக்குப் பதில் சொல்லவே சுஜா அப்பா தனியா ஆள் போடணுமாம் சார்.”

அன்று மாலை கடை வழியாகப் போனபோது சிவந்தி உள்ளிருந்து “சார், சார்” என்று கை தட்டிக் கூப்பிட்டார். சண்டைக்குத்தான் என்று ஸ்கூட்டரை முறுக்கிய எத்திராஜ் சார், எர்ணாவூர் வரை திரும்பிப் பார்க்கவில்லை.

நிதிஷிடம் எப்படிச் சொல்வதென்று தவித்துக்கொண்டிருந்தார். அவனே ரிமோட்டை மேசைமேல் வைத்தான்.

“நானே போய்க்கிறேன் சார். பசங்க என்னை அக்கான்னு கூப்புட்றானுங்க.”

அவன் இடத்துக்கு ரேச்சல் வந்தாள். எங்கிருந்து வந்தாள் என்று தேட வேண்டியிருக்கவில்லை. கதவுக்கு வெளியிலேயே நின்றிருந்தாள்.

நான்கு பெண்கள். எத்திராஜ் சார் சுற்றிச் சுழலும் மின்விசிறியை ஒருமுறை ஏக்கத்தோடு பார்த்துவிட்டு, அடிப்படையிலிருந்து ஆரம்பித்தார்.

“இது ஸ்க்ரூ டிரைவர். இப்படிப் பிடிக்கணும்.”

“அப்படிங்களா சார்,” என்றாள் நர்மதா.

மறுநாள் காலை புயல் வலது பக்கமும் திரும்பியது. அதற்கு மறுநாள் பார்த்தால், எதையும் நழுவவிடும் அதன் கையில் வலை பின்னும் நைலான் நூல் சுற்றியிருந்தது. முட்டையைக் கொடுத்தால் உடையாமல் வாங்கியது. விட்டிருந்தால் ஆம்லெட்டும் போட்டிருக்கும். ஒரே ஒரு ஸ்க்ரூ டிரைவர் வகுப்பில் இவ்வளவா என்று தன் போதனா சக்தியை நினைத்து சாருக்கே கண் கலங்கியது. ஒரு குறைதான். அவர் உள்ளே நுழையும்போதெல்லாம் கலகலவென்று கேட்ட பேச்சு சட்டென்று நின்றுவிடும். நர்மதாவுக்கும் சினேகாவுக்கும் பகை முற்றுகிறது என்று வருந்தினார்.

போட்டி ஒரு பொறியியல் கல்லூரியில் நடந்தது. பொம்மைக் கப்பலிலிருந்து பொம்மைக் கன்டெய்னர்களை இறக்கிக் கரையில் அடுக்க வேண்டும். பெரிய பள்ளி ஒன்றின் பளபள ரோபோ, கன்டெய்னரை விட்டுவிட்டுக் கப்பலையே தூக்கி வந்தது. ரிமோட் நர்மதாவின் கையில் இருந்தது. பிறந்ததிலிருந்து துறைமுகத்தில் வேலை பார்த்த மாதிரி புயல் நிதானமாக இறக்கியது, அடுக்கியது, கடைசியில் நடுவரின் செருப்பருகே வந்து நின்று, தொடாமல் திரும்பிப் போனது.

முதல் பரிசு.

செய்தி போனில் போனதும் தலைமையாசிரியை வரவேற்புக்கு ஏற்பாடு செய்திருந்தார். வழக்கமாகக் கோலம் போடும் பெண்கள் யாரும் அகப்படவில்லை என்று நிதிஷையும் தோஸ்துகளையும் போடச் சொல்லியிருந்தார்கள். அதுவும் இடது பக்கமாகவே சுழித்திருந்தது.

“ரூம் உங்களுக்குத்தான் சார்,” என்றார் குணசுந்தரி. எத்திராஜ் சாருக்குக் காதில் விழவில்லை. கேட்டருகே மரத்தடியில் கன்னியம்மாவும் சினேகாவின் அம்மாவும் ஒரே கூடையைக் கவிழ்த்துப்போட்டு ஒட்டி உட்கார்ந்து, ஒரே பொட்டலத்து வெற்றிலையை மென்றுகொண்டிருந்தார்கள். பக்கத்தில் சிவந்தி, ஒரு பை கடலை மிட்டாயோடு.

“அன்னைக்கு வாழ்த்துச் சொல்லலாம்னு கூப்பிட்டேன் சார். நீங்க பறந்துட்டிய,” என்றார் சிவந்தி.

சார் குழம்பினார். ஆனாலும் கோப்பை கையிலிருந்த துணிச்சலில் கன்னியம்மாவின் முன்னால் போய் நின்றார்.

“துணை இல்லாம பொண்ண அனுப்ப மாட்டேன்னு கண்டிஷனா சொன்னீங்க பாருங்க, அதனாலதான்மா இப்படி ஒரு டீம் அமைஞ்சுது.”

கன்னியம்மா மெல்வதை நிறுத்தினாள்.

“துணையா? காசிமேட்டு ஏலத்துல அத்தினி ஆம்பளைங்க கூச்சலுக்கு நடுவுல தனியா நின்னு கூடை எடுத்துக்கினு வர்றவ சார் அவ.”

எத்திராஜ் சார் திரும்பிப் பார்த்தார். நான்கு பெண்களும் அவரைப் பார்க்காமல், கோப்பையைத் தலைகீழாகப் பிடித்துக்கொண்டு, அடியிலிருந்த ஸ்க்ரூ லூசா கீது என்று தீவிரமாக ஆராய்ந்துகொண்டிருந்தார்கள்.

கன்னியம்மா வெற்றிலையை ஒரு கன்னத்திலிருந்து மறு கன்னத்துக்கு ஒதுக்கிக்கொண்டாள்.

“ஜூன்ல நாலு பொண்ணுங்கள கோலம் போடு, போன்னு தொரத்தி வுட்டியாமே சார், அந்த நாலு பேருதான் இது.”