வெற்றிலை பாக்கு வைத்து அழைத்த மன்றம்

காஞ்சிபுரத்தில் பட்டுப்புடவை கட்டிய பெண் தாம்பூலத் தட்டோடு தெருவில் இறங்கினால் அதற்கு ஒரே அர்த்தம்தான். இந்த ஊரிலேயே பிறந்து வளர்ந்தும் எனக்கு அது உறைக்கவில்லை. (என்னை அறிவாளி என்று நானே நம்பிக்கொண்டிருந்த காலம்.)

அப்போது ப்ளஸ் ஒன். எங்கள் பெண்கள் பள்ளியில் ஒரு மன்றம் தொடங்க ஆசைப்பட்டேன். காரணம், என் பெஞ்சில் உட்காரும் ஜீவா. முடியை ஒட்ட வெட்டிக்கொள்வாள். வகுப்பில் ஒருநாள் கல்யாணப் பேச்சு வந்தபோது, தனக்கு யாரையாவது பிடித்தால் அது பெண்ணாகத்தான் இருக்கும் என்று சாதாரணமாகச் சொல்லிவிட்டாள். மறுநாளிலிருந்து மதியம் அவளோடு சாப்பிட யாரும் உட்காரவில்லை. நான்கூட என் கூட்டத்தோடு தள்ளித்தான் உட்கார்ந்தேன். டி.சி. வாங்கிக்கொண்டு போகப் போவதாக அவள் சொன்ன அன்றுதான் எனக்கு வெட்கமாக இருந்தது.

அவளைப் போன்றவர்கள், திருநர், யாராக இருந்தாலும் கேலிக்குப் பயப்படாமல் வந்து உட்கார ஒரு மன்றம் வேண்டும் என்று தலைமை ஆசிரியையிடம் கேட்டேன். தொடக்க விழாவுக்குப் பெற்றோர் வந்து அரங்கம் நிறைந்தால் மன்றம் நடக்கலாம், இல்லையென்றால் அன்றோடு சரி என்றார். (எங்கள் பள்ளிக் கூட்டத்துக்கு வரும் பெற்றோரை ஒரே ஷேர் ஆட்டோவில் ஏற்றிவிடலாம். அது அவருக்கும் தெரியும்.)

வாட்ஸ்அப்பில் அழைத்தோம். கட்டைவிரல்கள் வந்தன. அன்றிரவு சாப்பிட எழுந்து வராத அப்பாவை, "உங்கள வெத்தல பாக்கு வெச்சு அழைக்கணுமா?" என்று அம்மா திட்டினாள். எனக்குப் பொறி தட்டியது.

மறுநாள் மாலை அம்மா வெளியே போயிருந்த நேரத்தில் அவளுடைய மாம்பழ நிறப் பட்டைச் சுற்றிக்கொண்டு, தட்டில் வெற்றிலை, பாக்கு, குங்குமம், கல்கண்டு வைத்துக் கிளம்பினேன். பேன்ட் சட்டை போட்டுக்கொண்டு ஜீவாவும் என்னோடு வந்தாள். வெள்ளிக்கிழமை காலை பத்தரைக்குக் குடும்பத்தோடு வரவேண்டும் என்று வீடு வீடாக அழைத்தேன். என்ன விசேஷம் என்றவர்களிடம், எங்கள் இருவர் வாழ்க்கையிலும் முக்கியமான நாள் என்றேன். பள்ளிக்கூடத்திலா என்றவர்களிடம், ஹெச்.எம். இடம் கொடுத்திருக்கிறார் என்றேன். எதிர்வீட்டு லோகநாயகி ஆன்ட்டி ஜீவாவை மேலும் கீழும் பார்த்துவிட்டு, வீட்டில் ஒப்புக்கொண்டார்களா என்று கேட்டார்.

"ஆணா பொண்ணான்னு பாக்கறதெல்லாம் அந்தக் காலம் ஆன்ட்டி. மனசுதான் முக்கியம்."

அவர் கல்கண்டை வாயில் போடாமல் அப்படியே நின்றார். என் பேச்சில் மயங்கிவிட்டார் என்று நினைத்தேன்.

அம்மாவிடம் யாரும் எதுவும் கேட்கவில்லை. (கேட்க என்ன இருக்கிறது? நான் கட்டியிருந்ததே அவள் புடவைதானே.) வாலாஜாபாத்தில் இருக்கும் அத்தைக்குத்தான் போன் போட்டார்கள்.

வெள்ளிக்கிழமை அரங்கம் வழிந்தது. மேடையில் நின்று பூரித்துப்போனேன். கொஞ்ச நேரம் கழித்துத்தான், வந்தவர்கள் எல்லாரும் பட்டும் வேட்டியுமாக இருப்பது கண்ணில் பட்டது. அன்று காலைதான் அத்தை சொல்லிக் கேள்விப்பட்ட அம்மா முன்வரிசையில் அழுதுகொண்டிருந்தாள். பக்கத்தில் அத்தை, மடியில் செய்தித்தாள் சுற்றிய ஒரு பொட்டலத்தோடு. அத்தை எழுந்து நின்றாள்.

"தாலிய எடுத்தீங்கன்னா நான் சும்மா இருக்க மாட்டேன், சொல்லிட்டேன்."

அப்போதுதான் எனக்கு உறைத்தது. ஜீவா என் கையிலிருந்த மைக்கை வாங்கினாள்.

"கல்யாணம்லாம் ஒண்ணும் இல்லமா. மதியத்துல நான் தனியா சாப்புட்டுக்கினு இருக்கேன். இந்த மன்றம் வந்தா கூட நாலு பேரு உக்காருவாங்க. அதுக்குத்தான் உங்கள கூப்ட்டோம்."

சிலர் முணுமுணுத்துக்கொண்டே எழுந்து போனார்கள். பலர் உட்கார்ந்தே இருந்தார்கள். லோகநாயகி ஆன்ட்டி மட்டும் மெதுவாக, "தெனமும் தனியாவா சாப்புடுற?" என்று கேட்டார். அதுவரை கல்லாக நின்ற ஜீவா அப்போதுதான் அழுதாள். நானும் அழுதேன். நிறைந்த அரங்கத்தைப் பார்த்த தலைமை ஆசிரியையால் சொன்ன சொல்லை மாற்ற முடியவில்லை. ஜீவா டி.சி. வாங்கவில்லை.

வீட்டுக்கு வந்து பொட்டலத்தைப் பிரித்தால் எவர்சில்வர் குடம். கழுத்தில் அழகாகப் பெயர் வெட்டியிருந்தது: ரேவதி – ஜீவா. (ரேவதி நான்தான்.) தடுக்க வந்தவள் பெயரையும் வெட்டிக்கொண்டு வருவாளா என்று அம்மா அத்தையைப் பிடித்துக்கொண்டாள்.

"தடுக்கத்தான் வந்தேன். மீறி நடந்துட்சின்னா? வெறுங்கையோட நிக்கச் சொல்றியா?"

அன்று முதல் வீட்டுக்கு வருகிறவர்களுக்கெல்லாம் அந்தக் குடத்திலிருந்துதான் தண்ணீர். கூடவே இந்தக் கதையும். என்னைப் பெண் பார்க்க வந்தவர்கள் ஜீவா யார் என்று கேட்டபோது, "கல்யாணந்தான் நடக்கல, சீர் வந்துட்சி" என்று அப்பா சொல்லிவிட்டார். அவர்கள் அதற்குப் பிறகு வரவில்லை.

ஜீவா இப்போது சென்னையில் ஒரு பெண்ணோடு சேர்ந்து வாழ்கிறாள். விஷயம் அத்தை காதுக்குப் போன அன்றே எனக்குப் போன் வந்தது. திட்டப்போகிறாள் என்று பயந்துகொண்டே எடுத்தேன்.

"அந்தப் பொண்ணு பேரு இன்னாமா? குடம் புதுசாவேதான இருக்குது. உன் பேர அடிச்சிட்டு அவ பேர வெட்டிடலாம்."