மொட்டைமாடி அண்ணன் ஜீப்பின் மேல் கட்டிய கூடாரம்

மாடிவீட்டையும் வண்டியோடு சேர்த்து ஓட்டிக்கொண்டு போகிற ஒரே மனிதர் திண்டுக்கல் ஜில்லாவிலேயே எங்கள் மொட்டைமாடி அண்ணன்தான். மறுப்பவர்கள் நேரில் வரலாம். தெருவே திரண்டு சாட்சி சொல்லும்.

நாகல் நகரில் கார்களுக்கு சீட் கவர் தைக்கிறவர். அவருடைய நிஜப் பெயர் ரேஷன் கார்டில் மட்டும் புழக்கத்தில் இருக்கிறது. யாரோ ஒரு வெள்ளைக்காரர் கார் கூரைமேல் கூடாரம் விரித்து, கால்மேல் கால் போட்டுக் காபி குடிப்பதை யூடியூபில் பார்த்தார். அன்றோடு போயிற்று அவர் தூக்கம். தார்ப்பாயும் இரும்புக் குழாயும் வாங்கி, தானே வெட்டித் தைத்து, தன் பழைய ஜீப்பின் கேரியரில் போல்ட் போட்டு முடுக்கிவிட்டார். ஏறுவதற்கு ஓர் ஏணி. தெருவில் பெயர் வைக்க அதுவே போதுமானதாக இருந்தது.

அதற்குப் பிறகு சீட் கவருக்கு அளவு கொடுக்க வந்தவர்கள்கூட அண்ணனின் கூடாரப் பிரசங்கத்திலிருந்து தப்பியதில்லை. “தரையில படுத்தா தேள் வரும், பாம்பு வரும், மழை பெஞ்சா பாயோட மெதக்கணும். மேல படுத்தா ராசா கணக்கா படுக்கலாம், அப்பு” என்பார்.

முதல் வெள்ளோட்டம் சித்தையன்கோட்டைப் பக்கம் ஒரு தென்னந்தோப்பில். கூடாரத்தை விரித்து ஏறிப் படுத்ததும் அண்ணனுக்கு டீ குடிக்க ஆசை வந்துவிட்டது. விரித்ததை மடித்தால்தான் வண்டி நகரும் என்பது அப்போதுதான் உறைத்தது. மடிக்கச் சோம்பல்பட்டு, அரைகுறையாகச் சுருட்டிக்கொண்டு டீக்கடைக்கு ஓட்டினார். பிரசார வண்டி என்று நினைத்துக் கூட்டம் கூடிவிட்டது. எந்தக் கட்சி, வேட்பாளர் எப்போது வருகிறார் என்று விசாரித்தார்கள். அண்ணன் அசரவில்லை. ஏணியில் ஏறி நின்று, கூடாரத்தின் பெருமைகளைக் கால்மணி நேரம் பேசிவிட்டு இறங்கினார். கைதட்டினார்கள்.

கைதட்டாத ஒரே ஆள் மதினி. அதாவது, அண்ணனின் சம்சாரம். மதினிக்கு இரண்டு முட்டியிலும் வலி. “நடுராத்திரி ஒண்ணுக்கு வந்தா நான் இந்த ஏணியிலயா எறங்குறது? தரையில விரிக்கிற டெண்டு ஒண்ணு தைங்க” என்று கேட்டது. தரை டெண்டைத் தன் கையால் தொடவே மாட்டேன் என்று அண்ணன் சத்தியம் செய்தார். தைமாதம் தெருவே பழனிக்குப் பாதயாத்திரை போகும். மூட்டை முடிச்சுகளோடு அண்ணனின் ஜீப் முன்னால் போய், ஒட்டன்சத்திரம் தாண்டி இரவு தங்கக் காத்திருக்கும். இந்தத் தடவை மதினி கண்டிப்பாகச் சொல்லிவிட்டது: “நான் நடப்பேன். ஆனா ஒங்க வண்டிப் பக்கம் வரமாட்டேன். வலி பொறுக்கலைன்னா பஸ் ஏறி வீட்டுக்குப் போயிருவேன்.”

மதினி பல வருசமாகச் செலுத்துகிற நேர்த்திக்கடன் பாதியில் நின்றுபோகுமோ என்று எங்களுக்கெல்லாம் கவலை.

ஒட்டன்சத்திரத்தைத் தாண்டும்போது பொழுது சாய்ந்துவிட்டது. மதினி என் மனைவியின் தோளைப் பிடித்துக்கொண்டு காலை இழுத்து இழுத்து நடந்தது. எங்கே பார்த்தாலும் ஒரே மாதிரி அன்னதானப் பந்தல், ஒரே மாதிரி பேனர். அண்ணனின் ஜீப் எங்கே நிற்கிறதென்று கேட்கலாம் என்றால் செல்போனில் டவர் இல்லை. மதினி பஸ் வருகிறதா என்று திரும்பிப் பார்க்க ஆரம்பித்துவிட்டது.

அப்போதுதான் எல்லாத் தலைகளுக்கும் மேலே அந்தக் கூடாரம் தெரிந்தது. சுற்றிலும் சீரியல் பல்ப், உச்சியில் அண்ணன். கீழே நீளமாக ஒரு வரிசை. போலீஸ் போட்ட கண்காணிப்புக் கோபுரம் என்று நினைத்து, கூட்டத்தைத் தவறவிட்டவர்கள் எல்லாம் வந்து நின்றிருந்தார்கள். “ஏனுங்க, எங்க எரியோட்டு ஊருக்காரங்க எந்தப் பக்கம் போனாங்கன்னு பார்த்துச் சொல்லுங்க” என்று ஒரு பெரியவர் கேட்க, அண்ணன் நெற்றியில் கை வைத்துப் பார்த்து, “எரியோட்டு ஆளுகளா? அந்தா, புளியமரத்துக்கு அங்கிட்டு ஒக்காந்திருக்காக” என்றார். அந்தக் குரலிடம் கலெக்டரே தோற்றுப்போவார்.

நான் அவரைக் கூப்பிடப் போனேன். மதினி தடுத்துவிட்டு வரிசையில் போய் நின்றது. முறை வந்ததும் அண்ணாந்து பார்த்துச் சொன்னது: “என் வீட்டுக்காரரக் காணோம். பார்த்தா கீழ எறங்கி வரச் சொல்லுங்க.”

அண்ணன் ஏணியில் இறங்கிய வேகத்தை நான் அதற்கு முன் பார்த்ததில்லை. மதினியின் கையைப் பிடித்து ஜீப்புக்குப் பின்னால் கூட்டிப்போனார். அங்கே கல் பொறுக்கிச் சமப்படுத்திய தரையில் ஒரு கூடாரம். குனியாமல் நுழைகிற உயரத்தில் வாசல், அடியில் சீட்டுக்குப் போடுகிற ஸ்பாஞ்சு, பக்கத்தில் வெந்நீர். யாருக்கும் தெரியாமல் அண்ணனே தைத்தது.

மதினி உள்ளே உட்கார்ந்து மெதுவாகக் காலை நீட்டியது. “அப்ப மேல யாரு படுக்குறது?” என்றது.

“ஒருத்தரும் வேணாம். லைட்டு மட்டும் எரியட்டும். ராத்திரி வெளிய போயிட்டு நீ தேடி வரணும்ல.”

மறுநாள் மதினி பழனிவரைக்கும் நடந்தது. வழியில் ஒருவர், முன்னால் போய்க்கொண்டிருந்த ஜீப்பைக் காட்டி யாருடையது என்று என்னிடம் கேட்டார். எனக்கும் அண்ணனுக்கும் எந்த உறவும் கிடையாது. ஆனாலும் “எங்க அண்ணன் வண்டி” என்றுதான் சொன்னேன்.